குடும்பத்தோடு பார்க்கலாம்

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி விடும்போது தியேட்டர் வாசலில் உங்களைப் பார்க்கிறேன். குச்சியில் போனை மாட்டிக்கொண்டு, வெளியே வருகிறவர் வாயருகே மைக்கை நீட்டி, படம் எப்படி என்று கேட்கிறீர்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவரிடம் ஓடுகிறீர்கள். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் ஓடியவள்தான். என் காலத்தில் குச்சி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் உங்களில் சிலர் வில்லியனூரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். இத்தனை வருஷம் விமர்சனம் சொன்ன அனுபவத்தை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி, காபி போட்டுக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். எழுத உட்கார்ந்தால் எதை எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

முதலில் நான் யார் என்று தெரியாதவர்களுக்காக. வில்லியனூரில் ஒரு மொபைல் கடைக்கு மேலே எங்கள் லோக்கல் கேபிள் சேனல் இருந்தது. ஒரு அறை, ஒரு கேமரா, பின்னால் தொங்கவிட ஒரு நீலத் துணி. கோயில் திருவிழா, மின்தடை அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் எங்கள் சேனலில் வரும். கண்ணீர் அஞ்சலி டைப் அடிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். சினிமா பற்றி நான் ஓயாமல் பேசுவதைப் பார்த்துவிட்டு, அந்த வாயை டிவியில் காட்டலாமே என்று முதலாளி கேமரா முன்னால் உட்காரவைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயந்திரமும் புதுப்படம் பார்க்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலை ஆனது. பெயர் போய் டிவி அக்கா ஆனேன்.

பெரிய ஊர் விமர்சகர்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பு நமக்கு உண்டு. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். மடுகரை, செலியமேடு பக்கம் ஒரு தெருப் பெண்கள் படத்துக்குப் போவதென்றால் அது தனித்தனியாக நடக்கிற காரியம் இல்லை. கரும்பு வெட்டு, நடவு எல்லாம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டியைப் பிடித்து, பின்னால் பாயை விரித்து உட்கார்ந்து பாண்டிக்குப் போக வேண்டும். அதற்கு வீட்டில் மாமியாரும் மாமனாரும் சரி சொல்ல வேண்டும். அவர்கள் சரி சொல்வது என் வாயில் இருந்தது. விமர்சனத்தின் கடைசியில் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று நான் சொன்னால் வண்டி கிளம்பும். சொல்லாவிட்டால் ஆண்கள் மட்டும் பைக்கில் போய்விட்டு வருவார்கள். அந்த வார்த்தை வருமா வராதா என்று எத்தனையோ மருமகள்கள் டிவி முன்னால் காத்திருந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

புதிதில் ஒரு படம் பார்த்தேன். அண்ணன் தங்கை பாசம், ஊர்த் திருவிழா என்று இடைவேளை வரை அருமையாக இருந்தது. எனக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். மீதிக் கதை எனக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு. இடைவேளையிலேயே எழுந்து வந்து, தாராளமாகக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சாயந்திரம் சொல்லிவிட்டேன். இரண்டாம் பாதியில் கதாநாயகன் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே அவனும் கதாநாயகியும் என்ன செய்கிறார்கள் என்பதை டைரக்டர் ரொம்ப விளக்கமாகக் காட்டியிருக்கிறார். காட்டேரிக்குப்பத்திலிருந்து மாமனாரோடு போன ஒரு மருமகள் அடுத்த வாரம் சந்தையில் என்னை மடக்கினாள்.

"இன்னா படம்க்கா சொன்ன நீ? எங்க மாமனாரு பாதிப் படம் மேல ஃபேனையே பார்த்துகினு இருந்தாரு. நான் குனிஞ்ச தலை நிமிரல. இன்னும் கழுத்து வலிக்குது."

காய்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, மன்னிப்பு கேட்டு, அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கடைசியில் பெயர் எழுத்தெல்லாம் ஓடி முடியும் வரை நான் சீட்டை விட்டு எழுந்ததில்லை. சிரித்துவிட்டுப் போகக்கூடிய தப்புகள் எல்லாம் இந்த வகை. இவை வந்துகொண்டுதான் இருக்கும், பயப்படாதீர்கள்.

அந்தத் தப்புக்குப் பிறகுதான் முதலாளி எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். திட்டவில்லை. படத்தை ஒரு கண்ணால் பார், கூட்டத்தை ஒரு கண்ணால் பார் என்றார். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, தங்களுக்குப் பிடிக்குமா என்றுதான் கேட்கிறார்கள் என்றார். நல்ல மனிதர், சரியாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் சுவரோரம் கடைசி சீட்டில் பாதி திரும்பி உட்கார ஆரம்பித்தேன். எந்த இடத்தில் பிள்ளைகள் ஒன்றுக்கு வருகிறது என்று நச்சரிக்கிறார்கள், எந்த இடத்தில் பெண்கள் வீட்டுக்கதை பேச ஆரம்பிக்கிறார்கள், எப்போது ஆண்கள் போனை எடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். இருட்டில் போன் வெளிச்சம் கூடக்கூடப் படம் இழுவை என்று அர்த்தம். இந்தக் கணக்கு தப்பியதே இல்லை. டிவி அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்கள் கம்யூன் பஞ்சாயத்து ஊர்கள் முழுக்கப் பேர் வந்தது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

இனி மாலதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவள் பெயர் இல்லை.

மாலதி செலியமேட்டுப் பெண். அப்பா கரும்பு போடுகிறவர். அந்தத் தெருவுக்கு வண்டி பேசுவது, ஆள் சேர்ப்பது எல்லாம் இவள் பொறுப்பு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானம் நான் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் போன் அடிப்பாள். சாயந்திரம் டிவியில் சொல்லும் வரை காத்திருந்தால் வண்டியை வேறு தெருக்காரர்கள் பிடித்துவிடுவார்கள். சண்டையில் ரத்தம் வருமா, சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்களா, எத்தனை மணிக்கு முடியும் என்று வரிசையாகக் கேட்பாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பாள்.

"யாரையாச்சும் கிண்டல் பண்ணுவாங்களாக்கா?"

தெருவில் நாலு விதமான ஆட்கள் ஒரே வண்டியில் போகிறார்கள், யாரையாவது மட்டம் தட்டுகிற மாதிரி வசனம் இருந்தால் திரும்பி வரும்போது சண்டை வரும், அதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் இல்லை பாப்பா என்று சொல்லிவிடுவேன். எத்தனை படத்துக்கு அப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

மாலதிக்குப் பிறக்கும்போதே மேல் அண்ணத்தில் பிளவு இருந்தது. குழந்தையிலேயே ஆபரேஷன் செய்து மூடிவிட்டார்கள். சாப்பிடுவதில் கஷ்டமில்லை, பேசுவது எல்லோருக்கும் புரியும். குரல் மட்டும் மூக்கு வழியாக வரும். அவள் பேச்சை இங்கே மற்றவர்கள் பேச்சைப் போலவேதான் எழுதுகிறேன். அவள் குரலை இன்னொரு தடவை நான் நடித்துக் காட்ட மாட்டேன்.

அப்போது அவள் ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பாகூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டிய நேரம். அதை முடித்தால்தான் டீச்சர் ஆக முடியும். இந்தக் குரலை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பாய் என்று அவள் அப்பா ஆரம்பத்திலிருந்தே தயங்கியவர். பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பழகிவிடும் என்று இவள் பிடிவாதமாகச் சேர்ந்திருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளே போனில் சொல்லியிருக்கிறாள். வர்ற திங்கட்கிழமை முதல் வகுப்பு என்று, நான் சொல்ல வந்த அந்த வெள்ளிக்கிழமையும் சொன்னாள்.

அன்று பார்த்தது ஒரு சிரிப்புப் படம். அதில் காமெடியன் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போகிறான். பெண் அழகாக இருக்கிறாள். இவன் வாயைப் பிளக்கிறான். பிறகு அவள் பேசுகிறாள், மூக்கால் பேசுகிறாள். இவன் பயந்து ஓடுகிறான், அவள் துரத்துகிறாள். அதற்கப்புறம் படம் முழுக்க அவள் திடீர் திடீரென்று வந்து அதே ஒரு வசனத்தைச் சொல்வாள். அந்த வசனத்தை இங்கே எழுத மாட்டேன். உங்களில் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும். இருந்தால் அதற்கும் நான் ஒரு காரணம்.

அவள் இரண்டாவது தடவை வாயைத் திறந்தபோது எனக்கு மாலதி ஞாபகம் வந்தது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஞாபகம் வந்தது. அவள் குரல் காதில் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த வாய் நின்றது. அந்த நேரத்தில் நான் என் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்தேன். தியேட்டரே உருண்டு சிரித்தது. மடியில் குழந்தையோடு ஒரு அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். டார்ச் லைட் பிடிக்கிற ஆள் கதவோரம் நின்று சிரித்தார். ஒரு போன் வெளிச்சம் இல்லை, ஒரு பிள்ளை அழவில்லை. என் கணக்கில் இது நூற்றுக்கு நூறு குடும்பப் படம். நானும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தேன். பேருக்குச் சிரிக்கவில்லை, நன்றாகவே சிரித்தேன்.

வெளியே வந்ததும் மாலதி போன் அடித்தாள். ரத்தம் இல்லை, பேய் இல்லை, நேரத்தோடு முடிந்துவிடும் என்று சொன்னேன். கடைசிக் கேள்வியையும் கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல பாப்பா. சும்மா ஜாலியா இருக்கும். எல்லாரையும் இட்டுகினு போ" என்றேன்.

பேச்சை வளர்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பழியைப் படத்தின் மேல் போட்டுத் தப்பித்திருப்பேன். சாயந்திரம் நிகழ்ச்சியில் அந்த வசனத்தை நானே பேசிக் காட்டினேன். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்கை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு, கண்ணை உருட்டிப் பேசினேன். கேமரா பிடித்த தம்பி சிரித்ததில் படமே ஆடியது. எனக்கு நடிக்க வரும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது. முதலாளிக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, வாரம் முழுக்க நிகழ்ச்சிகளுக்கு நடுவே போட்டார். வாட்ஸப்பிலும் விட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நெட்டப்பாக்கம் வரை அது போய்விட்டது. படத்தில் அந்தப் பெண் பேசியதைவிட நான் பேசியதுதான் நன்றாக இருந்தது என்று ஜனங்கள் சொன்னார்கள். கேட்கக் கேட்க இனித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலதி போன் செய்யவில்லை. கரும்பு வெட்டு ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. அவள் கேட்கப்போவதை நினைத்து உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிம்மதியில்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒருநாள் செலியமேட்டுக் குட்டியானைக்காரர் செட்டாப் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று ஆபீசுக்கு வந்தார். பேச்சுவாக்கில் இந்த வாரம் வண்டி பேசவில்லையா என்று கேட்டேன். இனிமேல் யார் பேசுவார்கள், அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்காமல் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாகூர் பஸ் பிடித்து செலியமேட்டுக்குப் போனேன். மாலதியின் அம்மா என்னைப் பார்த்ததும் வாங்கக்கா என்று கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நடந்ததை அவரே சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் டிவியில் நான் பேசிக் காட்டியதை மாலதி பார்த்துவிட்டாள். ஆனால் அதற்கு முன்பே தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு, வண்டியும் பேசிவிட்டாள். நானே கூப்பிட்டுவிட்டு நானே வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே அம்மா என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பியிருக்கிறாள். தியேட்டரில் அந்தப் பெண் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் இவளைப் பார்த்து, பிறகு பார்க்காத மாதிரி திரும்பியிருக்கிறார்கள். வரும்போது வண்டியில் பிள்ளைகள் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் முதலில் அதட்டினார்கள், அப்புறம் அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

"அவளும் சிரிச்சாக்கா" என்றார் அம்மா. "எல்லாரோட சேர்ந்துகினு எம்பொண்ணும் சிரிச்சா. அதான் எனக்குத் தாங்கல."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, யார் வந்து போடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் அந்த வசனத்தில் பதில் சொன்னான். வகுப்பே சிரித்தது. கதவோரம் நின்று மேற்பார்வை பார்த்த டீச்சரும் சிரித்துவிட்டு, பிறகுதான் பிள்ளைகளை அதட்டினாராம். மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. இப்படியே போனால் இந்த வருஷம் வீண் என்று பயிற்சி நிலையத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா, போதும், இதோடு நிறுத்திவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்.

மாலதி உள்ளேயிருந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். தப்புப் பண்ணிட்டேன் பாப்பா என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டாள்.

"படம் பார்க்கசொல்ல ஒனக்கு என் ஞாபகம் வரலியாக்கா?"

அவள் அம்மாவும் என்னைப் பார்த்தார். சமையலறையில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது.

"சத்தியமா வரல கண்ணு. உன் குரலு எனக்குப் பழகிப்போச்சு. வேற மாதிரி குரல்னே எனக்குத் தோணல."

எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். பொய்க்கு ஒரு பூவும் வைத்துக் கொடுத்தேன். அவள் தோள் இறங்கியது, மூச்சு வந்தது.

"அப்ப சரிக்கா. தெரியாமதான சிரிச்ச" என்றாள்.

அடுத்த வாரமே அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அப்பாவை எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பயிற்சியை முடித்தாள். தெருவிலும், அக்காவுக்குத் தெரியாது, வேண்டுமென்று செய்யவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். பழையபடி போன் செய்யவும் ஆரம்பித்தாள். அந்தத் துண்டைப் போடுவதை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். காரணம் சொல்லவில்லை, பழசாகிவிட்டது என்றேன். டிவியில் மன்னிப்பு கேட்டிருக்கலாம். கேட்டால் அது யார் என்று ஊர் தேடும், பாவம் அந்தப் பெண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு என் பேர் முக்கியமாக இருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தொழில் நுணுக்கம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நட்சத்திரம் போடுங்கள், மதிப்பெண் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கூட்டத்தைப் பார் என்று என் முதலாளி சொன்னதும் தப்பில்லை. ஆனால் தியேட்டர் முழுக்கச் சிரிக்கும்போது உங்கள் வாய் மட்டும் ஒரு இடத்தில் நின்றால், அந்த இடத்தில் நில்லுங்கள். ஏன் நின்றது என்று பாருங்கள். நாம் வேலைக்கு வந்திருப்பதே அதற்காகத்தான். கூட்டம் சிரித்தது என்று சொல்ல யாரும் தேவையில்லை, அது வாசல் வரை கேட்கும். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சொல்லும் முன் அந்தக் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணவில்லை என்று சொல்ல முடியாது. எண்ணினேன், அவளைத் தாண்டிப் போனேன்.

இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்து உங்களிடம் கொடுத்திருக்கலாம். எழுதி முடித்தபோது ஒரு உறுத்தல் வந்தது. நீங்கள் எல்லோரும் படித்த பிறகு இது மாலதிக்கு எப்படியும் போய்ச் சேரும். அவளுக்கு முதலில் நான் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் கழித்தாவது உண்மையைச் சொல்லிவிடுகிறோம் என்று மனதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. போன வாரம் கிளம்பிப் போனேன்.

அவள் இப்போது ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் டீச்சர். நான் போனது சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து வந்து, உன் சாப்பாட்டையும் இங்கேயே முடித்துவிடு அக்கா என்று பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன். அன்றைக்கு உன் ஞாபகம் வந்தது, வந்த பிறகும் சிரித்தேன், உன் வீட்டுக்கு வந்து பொய் சொன்னேன் என்றேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கு லேசாக இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

அவளுக்கு லேசாக இல்லை. கை கழுவப் போகாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமும் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வருஷா வருஷம் புது கிளாஸ் வரும்க்கா. மொத நாளு யாராச்சும் சிரிப்பாங்க. புதுசா வர்ற அம்மா அப்பாங்க சிரிப்பாங்க. ஆபீசுல சிரிப்பாங்க. தெரியாமதான சிரிக்கிறாங்கன்னு நெனச்சிகினுதான் உள்ள போவேன். டிவி அக்காவுக்கே தோணல, இவங்களுக்கு எப்படித் தோணும்னு. நீ சொன்னதைத்தான்க்கா இத்தினி நாளா புடிச்சிகினு இருந்தேன்."

அவள் என்னை மன்னித்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னாத்துக்குக்கா இதை இப்ப வந்து சொன்ன?" என்று கேட்டாள்.

மனசு கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது என் மனசுதானே என்று தோன்றியதும் மூடிக்கொண்டேன். அன்றைக்குச் சிரித்தபோது அவளைத் தாண்டிப் போனது போலவே, உண்மையைச் சொல்ல வந்தபோதும் அவளைத் தாண்டித்தான் போனேன். இரண்டு தடவையும் எனக்கு நன்றாக இருந்தது. இரண்டு தடவையும் விலை கொடுத்தது அவள்.

உங்களுக்காக இதை எழுதிவைத்திருப்பதைச் சொல்லி, யாருக்கும் கொடுக்கவில்லை, கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விமர்சனம் சொல்கிற அந்தப் பிள்ளைகளிடம் கொடு, அவர்களுக்காவது தோணட்டும், என் பேரை மட்டும் போடாதே என்றாள். அதனால்தான் இது உங்கள் கையில் இருக்கிறது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்கு இதைப் படிக்க நேர்ந்திருக்காது.

மணி அடித்தது. அவள் தட்டைக் கழுவிவைத்தாள். பத்திரமாகப் போய்விட்டு வா அக்கா என்று வழக்கம் போலவே சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்து நடந்தாள். உள்ளே பிள்ளைகள் தங்களுக்குள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில் நின்றாள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை நின்றுவிட்டு, பிறகு உள்ளே போனாள்.